கேட்கும் வேளையும் மின்கலத்தின் ஆயுளும்
மாங்குளத்து வானொலி முதல் மணிக்கட்டுப் பட்டி வரை

மணிக்கட்டில் அணியும் உடலியக்கப் பதிகருவிகள் அண்மைக் காலத்தில் நம் நாட்டின் சிறு நகரங்கள் வரை வந்து சேர்ந்துவிட்டன. நடந்த அடிகளையும் இதயத் துடிப்பையும் உறங்கிய நேரத்தையும் கணித்து, அவற்றை அவ்வப்போது கைத்தொலைபேசியிடம் ஒப்படைப்பது இவற்றின் பணி. அவ்வொப்படைப்பையே ஒத்திசைவு என்கின்றனர். இருபது நாள் நிற்கும் என்று சொல்லி விற்கப்பட்ட பட்டியின் மின்கலம் எட்டு நாளில் தீர்ந்துபோவது ஏன் என்று வினவுவோர்க்கு, ஒத்திசைவை எந்நேரமும் நிகழவிடாது குறித்த வேளைகளில் மட்டும் நிகழச் செய்யுமாறு கூறுவதே வழமை. அவ்விடை பெருமளவு சரியானது. ஆயினும், அது ஏன் சரியாகின்றது, எவ்விடத்திற் சரியாகாது போகின்றது, அந்த வேளையைக் குறிப்பவர் யார் என்பன விளக்கப்படுவது அரிது. இவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் களம் வன்னிப் பெருநிலப்பரப்பின் நடுவே அமைந்த மாங்குளம் ஆகும். நவீன மின்னணுக் கருவியொன்றைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இவ்வூர் பொருந்தாத களமாகச் சிலருக்குத் தோன்றலாம். அவ்வாறன்று. மின்கலத்தின் ஆயுளை நீட்டுவதற்காகத் தொடர்பை வேளைக்கு உட்படுத்துதல் என்னும் செயல், ஒரு சமுதாயம் முழுவதன் அன்றாட ஒழுக்கமாகப் பல்லாண்டுகள் நிலவிய இடங்களுள் இது ஒன்று. அங்கு கருவி வானொலியாக இருந்தது. இன்று அது மணிக்கட்டுப் பட்டியாக இருக்கின்றது. இரண்டிலும் தொழிற்படும் பௌதிகம் ஒன்றே.

கண்டி வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி பிரியும் சந்தியில் மாங்குளம் அமைந்துள்ளது. புகையிரதமும் வீதியும் கூடும் இடமாதலின் இயல்பான வணிக மையமாக வளர்ந்த ஊர் இது. 1990 இல் வடபகுதிக்கான புகையிரத சேவை நின்றது; அவ்வாண்டு நவம்பரில் மாங்குளம் இராணுவ முகாம் வீழ்ந்தபின் ஊர் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 1997 மே மாதத்தில் தொடங்கிய 'ஜெயசிக்குறு' இராணுவ நடவடிக்கையின் முடிவில், 1998 இன் பிற்பகுதியில் ஊர் அரச படையின் வசமாயிற்று. 1999 நவம்பரில் மீண்டும் கைமாறிற்று. 2008 நவம்பரில் இறுதியாகக் கைமாறிற்று. இத்தேதிகளை இங்கு தருவது போர் வரலாறு எழுதுவதற்காக அன்று. இவற்றுள் 1990 முதல் 2002 வரையான காலம், வடபுலத்துக்குச் செல்லும் பண்டங்கள் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்த காலம் என்பதை மனங்கொள்வதற்காகவே.

தடைசெய்யப்பட்ட பண்டங்களின் பட்டியலில் எரிபொருள், சீமெந்து, உரம் முதலியவற்றோடு உலர்மின்கலமும் இடம்பெற்றிருந்தது. மக்கள் வழக்கில் 'பற்றரி' எனப்படும் அச்சிறு பொருள், மின்வழங்கல் அற்றுப்போன ஒரு நிலப்பரப்பில் இரண்டு தேவைகளை நிறைவேற்றி வந்தது. ஒன்று ஒளி; மற்றது செய்தி. ஒளிக்கு மாற்று கிடைத்தது. ஜாம் போத்தலின் அடியிற் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரியெரித்த விளக்கு, தட்டுப்பாட்டுக் காலத்தின் சின்னமாகவே நம் நினைவில் நின்றுவிட்டது. செய்திக்கு அவ்வாறான எளிய மாற்று இல்லை. பத்திரிகை பிந்தி வரும், அல்லது வராது, தொலைபேசி இல்லை. எங்கு குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்தது, எந்த ஊர் இடம்பெயர்ந்தது என்பன உயிரோடு தொடர்புபட்ட செய்திகள். ஆகவே வானொலி இயங்கியாக வேண்டும். அதற்கான மின்னோ அருமையினும் அருமையானது.

இந்நிலையிற் செய்யக்கூடிய கணக்கு மிக எளியது. நான்கு பெரிய உலர்மின்கலங்களில் இயங்கும் வானொலியொன்று அளவான ஒலியில் 40 மில்லியம்பியர் மின்னோட்டத்தைப் பெறுகின்றது எனக் கொள்வோம். மின்கலத்தின் கொள்ளளவு 4,000 மில்லியம்பியர்-மணி எனக் கொண்டால், அது நூறு மணிநேரம் உழைக்கும். நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் வானொலியைத் திறந்துவைக்கும் வீட்டில் அது பத்து நாளில் தீரும். செய்திக்காக அரை மணிநேரம் மட்டும் திறக்கும் வீட்டில் இருநூறு நாள் நிற்கும். மின்கலத்தை மாற்றாமல், வானொலியை மாற்றாமல், கேட்கும் வேளையை மாத்திரம் வரையறுத்ததாற் கிடைத்த இருபது மடங்கு ஆயுள் இது. ஒலியைக் குறைத்துக் கேட்பதும் பயன் தந்தது. சிறு வானொலிகளின் ஒலிபெருக்கிப் பகுதி பெரும்பாலும் ஒலியின் அளவுக்கேற்ப மின்னை உண்ணும் வகையைச் சேர்ந்ததாதலின், காதோடு அணைத்துக் கேட்டவர்கள் பௌதிகத்துக்கு மாறாக எதனையும் செய்துவிடவில்லை.

ஆயினும் உண்மையான பயன் இக்கணக்குக் காட்டுவதினும் மிகுதியாக இருந்திருக்கும். இதற்குக் காரணம் உலர்மின்கலத்தின் இரசாயனத்தில் உள்ளது. 1866 இல் லெக்லாஞ்சே என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஆக்கிய மின்கலத்தை 1880களில் காசுனர் என்னும் சேர்மானியர் ஈரம் சிந்தாத வடிவுக்குக் கொணர்ந்தார். நாகத்தாலான கிண்ணம், நடுவே காபன் கோல், அதனைச் சுற்றி மங்கனீசீரொட்சைட்டு, இடையே அமோனியங் குளோரைட்டுப் பசை என்பதே அதன் பழைய அமைப்பு. மின்னோட்டம் பெறப்படும்போது காபன் கோலைச் சூழ்ந்த பகுதியில் விளைபொருள்கள் திரண்டு மின்னழுத்தத்தைக் குறைக்கின்றன. அவற்றை மங்கனீசுச் சேர்வை நீக்கவும், அயன்கள் பசையினூடு பரவி மீண்டும் சமன்படவும் நேரம் வேண்டும். ஓய்வு கொடுத்தால் தளர்ந்த மின்கலம் ஓரளவு மீள்கின்றது. இதனாலேயே, தொடர்ச்சியாகப் பயன்படுத்தப்பட்ட உலர்மின்கலத்தைவிட விட்டுவிட்டுப் பயன்படுத்தப்பட்டது கூடிய மொத்த மின்னைத் தருகின்றது. உலர்மின்கலங்களைச் சோதிக்கும் சர்வதேச நியமங்களும் நாளொன்றுக்கு இத்தனை மணிநேரம் என விட்டுவிட்டு மின்னிறக்கும் முறைகளை வகுத்துள்ளன. வேளை குறித்துக் கேட்டவர்கள் மின்னைச் சேமித்தது மட்டுமன்றி, மின்கலத்தின் உள்ளே தேங்கிக் கிடந்திருக்கக்கூடிய மின்னையும் வெளிக்கொணர்ந்தனர் எனலாம்.

தளர்ந்த மின்கலங்களை வெயிலிற் காயவைத்துப் பின்னர் பயன்படுத்தும் வழக்கமும் இதனோடு இணைத்து நோக்குதற்குரியது. வெப்பம் இரசாயன வினையையும் அயன்களின் பரவலையும் சிறிதுநேரம் விரைவுபடுத்துகின்றது. எஞ்சியிருந்த மின் வெளிப்படுகின்றது. புதிய மின் எதுவும் உள்ளே புகுவதில்லை. இவ்வழக்கத்தை மூடநம்பிக்கையெனத் தள்ளுவது எவ்வளவு தவறோ, அதனைக் கண்டுபிடிப்பெனப் போற்றுவதும் அவ்வளவு மிகையாகும்.

மின்கலம் முற்றாகக் கிடைக்காதுபோன வேளையில் துவிச்சக்கர வண்டியின் தைனமோ அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. வண்டியைக் கவிழ்த்தோ தாங்கியில் நிறுத்தியோ மிதியைச் சுற்ற, சில்லோடு உராயும் தைனமோ மின்னைப் பிறப்பிக்கும். வழமையான தைனமோ 6 உவோற்றில் 3 உவாற்று, அதாவது அரை அம்பியர், தரவல்லது. சிறு வானொலிக்கு இது தேவையினும் பன்மடங்கு அதிகம். இடர்ப்பாடு அளவில் அன்று, தன்மையிலேயே இருந்தது. தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவது நேரோட்டம். இருவாயிகள் கொண்டு ஆடலோட்டத்தைத் திருத்தி, கொள்ளளவியொன்றால் அதன் அலைவை மட்டுப்படுத்தினால் இரைச்சல் குறையும். சில்லை மிகை வேகத்திற் சுற்றினால் அழுத்தம் உயர்ந்து வானொலியின் உறுப்புகள் பழுதாகலாம். தளர்த்திச் சுற்றினால் குரல் அமுங்கிவிடும். சீரான கை வேண்டும்.

இம்முறையின் சமுதாயப் பொருள் அதன் தொழினுட்பத்தினும் நுட்பமானது. தைனமோவிற் சேமிப்பு இல்லை. பிறக்கும் மின் அக்கணமே செலவாகின்றது. எனவே ஒலிபரப்புவோன் பேசுவதும், சுற்றுவோன் சுற்றுவதும், கேட்போர் கூடுவதும் ஒரே வேளையில் நிகழ வேண்டும். ஒருவர் சுற்ற மற்றவர் கேட்பதாயின் கேட்போர் பலராயிருப்பதே நியாயம். ஒரு சுற்றலுக்கு ஒரு காது என்பது நட்டம். ஒரு சுற்றலுக்கு இருபது காது என்பது இலாபம். அயலவர் ஒன்றுகூடிக் கேட்டதைப் பண்பாடு என்று மட்டும் விளக்குவோர் இப்பொருளாதாரத்தைக் காணத் தவறுகின்றனர். தொடங்குவதற்கான செலவு பெரிதாகவும், தொடங்கியபின் ஒருவரைச் சேர்ப்பதற்கான செலவு சிறிதாகவும் இருக்கும் எந்தத் தொழிலிலும் கூட்டமாகச் செய்வதே சிக்கனம். இதே விதி மணிக்கட்டுப் பட்டியில் வேறு வடிவில் வருவதைப் பின்னர் காண்போம்.

வேளை என்பது எது? பி.பி.சி. தமிழோசை இரவு 9.15 க்கு ஒலிபரப்பாகியது. பிலிப்பைன்சிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியின் தமிழ்ச் சேவைக்கும் அதற்குரிய வேளை இருந்தது. இவ்வேளைகளை ஒட்டியே வீடுகளின் மாலைப்பொழுது ஒழுங்குபட்டது. வேளை பிசகினால் செய்தி போயிற்று. முன்கூட்டித் திறந்தால் மின் போயிற்று. ஆகவே குறித்த வேளையிற் தொடர்புகொள்ளும் முறைக்கு இன்றியமையாத அடிப்படை, இரு பக்கத்தாரும் ஒரே கடிகாரத்தை ஏற்றிருத்தல் ஆகும்.

இதற்கு வன்னியின் வரலாறே விசித்திரமானதோர் எடுத்துக்காட்டைத் தருகின்றது. மின் தட்டுப்பாட்டை முன்னிட்டு இலங்கை அரசு 1996 மே மாதத்தில் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதில் அரை மணிநேரத்தைக் குறைத்தது. இவ்வாறு கிறீனிச்சு நேரத்தினின்றும் ஆறு மணிநேரம் முற்பட்டதாக அமைந்த புதிய நேரம் 2006 ஏப்ரல் வரை நடைமுறையில் இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை; அங்கு ஐந்தரை மணிநேர வேறுபாடுடைய பழைய நேரமே தொடர்ந்தது. இலண்டனிலிருந்து வந்த ஒலிபரப்பு எந்த எல்லையையும் பொருட்படுத்தாமல் தன் வேளையில் வந்தது. வன்னியில் அது முன்போல 9.15, வவுனியா நகரில் 9.45. ஓர் எல்லையைக் கடந்து வருபவர் தம் கடிகாரத்தை அரை மணிநேரம் திருப்பாது விடின், ஒன்றில் வெறும் இரைச்சலைக் கேட்டு மின்னை இழப்பார், அன்றேல் செய்தி முடிந்தபின் வானொலியைத் திறப்பார். மின்னைச் சேமிப்பதற்காக ஓர் அரசு மாற்றிய கடிகாரம், மின்னே இல்லாத நிலப்பரப்பின் எல்லையில் இவ்வாறு பிளவுண்டு நின்றமை சிந்தனைக்குரியது.

இனி மணிக்கட்டுப் பட்டிக்கு வருவோம். சியவோமி நிறுவனம் 2014 இல் வெளியிட்ட முதலாவது மீ பான்ட் என்னும் பட்டியில் 41 மில்லியம்பியர்-மணி கொள்ளளவுடைய இலிதியம் மின்கலம் இருந்தது. நாம் மேலே கொண்ட உலர்மின்கலத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அது முப்பது நாள் உழைக்கும் என்று நிறுவனம் கூறியது. 41 ஐ முப்பது நாளின் 720 மணிநேரத்தால் வகுத்தால், அப்பட்டியின் சராசரி மின்னோட்டம் 57 மைக்கிரோ அம்பியர் மட்டுமே என்பது புலனாகும். அதன் உள்ளே உள்ள புளூடூத் வானொலிப் பகுதி திறந்திருக்கும்போது சில மில்லியம்பியரைப் பெறுவது. ஐந்து மில்லியம்பியர் எனக் கொள்வோமாயின், அதனை இடையறாது திறந்துவைத்தால் 41 மில்லியம்பியர்-மணி எட்டு மணிநேரத்தில் தீர்ந்துவிடும். முப்பது நாள் நிற்கும் மின்கலம் ஓரிரவில் தீரும். முப்பது நாளுக்கும் ஓரிரவுக்கும் இடைப்பட்ட வேறுபாடு முழுவதும், வானொலிப் பகுதி எவ்வளவு நேரம் உறங்குகின்றது என்பதிலேயே தங்கியுள்ளது. அடியெண்ணும் உணரி மிகச் சிறிதளவு மின்னையே உண்பதாதலின் அதனை எந்நேரமும் விழித்திருக்க விடலாம்.

இவ்வுறக்கத்தை இயலச் செய்தது 2010 இல் வெளியான புளூடூத் 4.0 நியமத்தின் குறைமின் வகையாகும். இரு கருவிகளும் தம்முள் ஓர் இடைவெளியை உடன்படிக்கையாக ஏற்கின்றன. அது 7.5 மில்லிசெக்கன் முதல் 4 செக்கன் வரை அமையலாம். அவ்விடைவெளிக்கு ஒருமுறை இரண்டும் விழித்து, இருப்பின் பேசி, இல்லையேல் உடனே உறங்குகின்றன. பட்டி தன்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோது தொடர்ந்து பல சந்திப்புகளுக்கு வராமலிருக்கவும் நியமம் இடந்தருகின்றது. 9.15 க்குச் சந்திப்போம் என்ற ஏற்பாட்டின் மிகச் சிறிய வடிவம் இதுவெனின் மிகையாகாது.

கடிகாரப் பிரச்சினையும் இங்கு அப்படியே வருகின்றது. பட்டியின் உள்ளே செக்கனுக்கு 32,768 முறை அதிரும் படிகம் நேரத்தைக் காக்கின்றது. அது பத்து இலட்சத்தில் இருபது பங்கு பிழைத்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 செக்கன் முந்தவோ பிந்தவோ செய்யும். இச்சிறு பிழையைக் கருதியே, உறங்கி விழிக்கும் வானொலிப் பகுதி குறித்த கணத்துக்குச் சற்று முன்னரே காதைத் திறக்கின்றது. உறக்கம் நீண்டால் இம்முன்கூட்டிய திறப்பும் நீள வேண்டும். கடிகாரத்தில் ஐயம் கொண்டவர் ஒன்பது மணிக்கே வானொலியைத் திறந்து காத்திருப்பதற்கு இது நிகராகும். துல்லியமான கடிகாரம் என்பதும் ஒருவகையிற் சேமித்த மின்னே.

ஆனால் ஒத்திசைவு என்று பயனாளர் அறிவது இக்கணநேரச் சந்திப்பையன்று. சேர்த்துவைத்த பதிவுகளை மொத்தமாக ஒப்படைக்கும் செயலையே. அதன் செலவைக் கணிப்போம். நிமிடத்துக்கு நான்கு பைற்று வீதம் பதிவு செய்தால் நாளொன்றின் 1,440 நிமிடத்துக்கு 5,760 பைற்று. தொடக்க கால நியமத்தின்படி பொதியொன்றில் இருபது பைற்று செல்லும் எனின் 288 பொதிகள். பொதியொன்று வானில் இருக்கும் நேரம் ஒரு மில்லிசெக்கனினும் குறைவு. ஒரு நாளின் முழு வாழ்க்கைப் பதிவும் அரைச் செக்கனுக்கும் குறைந்த ஒலிபரப்பில் அடங்கிவிடுகின்றது! ஆகவே செலவு பதிவில் இல்லை. தொடர்பைத் தேடுதல், ஒருவரையொருவர் இனங்காணல், மறைகுறியாக்கத்தை நிறுவுதல், எது வரை ஒப்படைத்தோம் என்று சரிபார்த்தல், முடிந்தபின் சிறிதுநேரம் காத்திருத்தல் ஆகிய சடங்குகளிலேயே உள்ளது. சடங்கின் செலவு, ஒப்படைப்பது ஒரு நிமிடப் பதிவாயினும் ஒரு நாட் பதிவாயினும் ஏறத்தாழ மாறாதது.

சடங்கொன்றுக்கு ஐந்து செக்கன், சராசரி மூன்று மில்லியம்பியர் எனக் கொள்வோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒத்திசைத்தால் நாளொன்றுக்கு 96 முறை, மொத்தம் 0.4 மில்லியம்பியர்-மணி. முப்பது நாட் பட்டியின் நாளாந்தப் படியோ 1.37 மில்லியம்பியர்-மணி. அப்படியின் மேல் இச்செலவு ஏறினால் முப்பது நாள் இருபத்துமூன்று நாளாகக் குறையும். நாளொன்றுக்கு ஒருமுறை மட்டும் ஒத்திசைத்தால் செலவு 0.004, கணக்கில் தெரியாத அளவு. வண்டியைக் கவிழ்த்து மிதியைச் சுற்றத் தொடங்கிய பின் ஒருவருக்காகச் சுற்றினாலென்ன, இருபது பேருக்காகச் சுற்றினாலென்ன என்ற விதியே இங்கு இலக்கமாக நிற்கின்றது.

கைத்தொலைபேசியின் பக்கத்தில் இவ்விதி இன்னும் கடுமையானது. பட்டியிலிருந்து வந்த பதிவைத் தொலைபேசி தொலைத்தொடர்பு வலையமைப்பினூடாக நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகின்றது. அனுப்பி முடிந்த பின்னரும், மேலும் ஏதேனும் வரக்கூடுமென்று அதன் வானொலிப் பகுதி சில செக்கன்கள் உயர்ந்த மின்நிலையிற் காத்திருக்கும். அடிக்கடி சிறிது சிறிதாக அனுப்புபவர் ஒவ்வொரு முறையும் இந்த வாலையும் சேர்த்தே இழுக்கின்றார். கோபுரங்களுக்கிடையே தூரம் மிகுந்து சமிக்ஞை நலிந்த இடங்களில் தொலைபேசி கூடிய வலுவோடு பேசவேண்டியிருப்பதால் நட்டம் பெருகும். ஆதலின் ஒத்திசைவை வேளைக்கு உட்படுத்துவதன் பயன் பட்டியைவிடத் தொலைபேசிக்கே அதிகம் என்பது நமது கருத்து.

இம்முறையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஒத்திசைவைத் தள்ளிப்போடுவதற்குப் பட்டியின் நினைவகம் இடந்தர வேண்டும். பிற்பிற் கருவிகள் பலவற்றில் நிமிடவாரியான பதிவு ஏழு நாளுக்கும், நாளாந்தக் கூட்டுத்தொகை முப்பது நாளுக்கும் நிற்கும். ஏழு நாளுக்குட் கணக்கை ஒப்படைக்காவிடின் நுணுக்கமான பதிவு அழிந்துவிடும். அதனினும் முக்கியமானது வேறொன்று. தொலைபேசிக்கு வரும் அழைப்பையும் குறுஞ்செய்தியையும் மணிக்கட்டில் அதிர்ந்து அறிவிக்குமாறு பட்டியை ஏவிவிட்டு, ஒத்திசைவை மட்டும் நிறுத்துபவர் பெறும் பயன் சிறிதே. அறிவித்தல் எந்நேரமும் வரக்கூடியதாதலால் தொடர்பு அறாது நிற்க வேண்டியிருக்கின்றது. எட்டு நாளில் தீர்ந்த பட்டிகளுட் பெரும்பாலானவற்றின் குற்றவாளி ஒத்திசைவு அன்று. ஒளிரும் திரையும், தோலின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சித் துடிப்பை அளக்கும் உணரியுமே ஆகும். திரையற்ற முதற்பட்டி 41 மில்லியம்பியர்-மணியில் முப்பது நாள் நின்றது. 2019 இல் வந்த வண்ணத்திரையுடைய நான்காம் பட்டி 135 மில்லியம்பியர்-மணியைக் கொண்டும் இருபது நாளையே உறுதிகூறியது. மின்கலம் மூன்று மடங்காயிற்று. பசி ஐந்து மடங்காயிற்று. ஆகவே துடிப்பை ஓயாது அளப்பதை விடுத்துப் பத்து நிமிடத்துக்கு அல்லது அரை மணிநேரத்துக்கு ஒருமுறை அளக்குமாறு அமைப்பதே முதற் சிக்கனம்; ஒத்திசைவின் வேளை அதற்கு அடுத்தது.

இலிதியம் மின்கலம் பற்றியும் ஒரு சொல். உலர்மின்கலத்தைப் போல ஓய்வினால் இது குறிப்பிடத்தக்க அளவு மீள்வதில்லை. வேளையின் பயன் இங்கு தூய சேமிப்பு மட்டுமே. வெப்பமோ இதற்குப் பகை. வன்னி வெயிலில் பட்டியைக் காயவைப்பவர் அதன் ஆயுளை நிரந்தரமாகக் குறைக்கின்றார். பழைய மின்கலத்துக்கு மருந்தாயிருந்தது புதியதற்கு நஞ்சு.

இறுதியாக, வேளையைக் குறிப்பவர் யார் என்னும் வினா. 2022 இல் நாடு முழுவதும் மின்வெட்டுக்கு உட்பட்டபோது, பிரதேசங்கள் ஆங்கில எழுத்துகளாற் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, எவருக்கு எப்போது மின் இல்லை என்ற அட்டவணை நாடோறும் வெளியாயிற்று. மார்ச் 31 இல் வெட்டு பதின்மூன்று மணிநேரமாக இருந்தது. தொலைபேசியும் பட்டியும் மின்னேற்றும் வேளையை அவ்வட்டவணையே தீர்மானித்தது. 1990களில் வன்னியில் தட்டுப்பாட்டை உண்டாக்கியோர் வேறு. ஒலிபரப்பின் வேளையைக் குறித்தவர் இலண்டனில் இருந்தோர். ஆனால் எதைக் கேட்பது, எதைக் கேளாது விடுவது, எஞ்சிய மின்கலத்தை எதற்கு ஒதுக்குவது என்ற முடிவு வீட்டாரின் கையில் இருந்தது. கொடிய வறுமைக்குள்ளும் எஞ்சிய அதிகாரம் அது.

மணிக்கட்டுப் பட்டியில் இவ்வதிகாரம் எவ்வாறுள்ளது? பல செயலிகளில் எந்நேரமும் ஒத்திசைத்தல் அல்லது தானாக ஒத்திசையாமை என்ற இரண்டு தெரிவுகளே உண்டு; இரவு இத்தனை மணிக்கு என்று பயனாளர் வேளை குறிப்பதற்கு இடமில்லை. கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது எந்நேரமும் என்பதே அமைந்திருப்பதும் பெருவழக்கு. மின்கலத்தின் நலன் இதனை வேண்டவில்லை என்பதை மேற்கண்ட கணக்கு காட்டும். நடந்த கணக்கை ஒருநாட் பிந்திப் பெறுவதால் அணிந்தவருக்குப் பெரும்பாலும் இழப்பில்லை. பதிவு உடனுக்குடன் சேர்வதும், செயலி அடிக்கடி திறக்கப்படுவதும் நிறுவனத்துக்கே வேண்டப்படுவன. பிற்பிற் நிறுவனத்தை வாங்கப்போவதாகக் கூகிள் 2019 நவம்பரில் அறிவித்து 2021 சனவரியில் அதனை நிறைவேற்றியபோது, வாங்கப்பட்டது பட்டிகளா, அவற்றினூடு சேர்ந்த உடற்பதிவுகளா என்ற ஐயம் பரவலாக எழுந்தது. பயனாளரின் உடற்பதிவுகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாகாது எனப் பத்தாண்டுக்கு ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை விதித்தே அவ்வாணிபத்துக்கு ஒப்புதல் அளித்தது. சட்டப்படி அந்நிபந்தனையின் காப்பு ஐரோப்பியப் பொருளாதார வலயத்துப் பயனாளருக்கே உரியது. மாங்குளத்துச் சந்தியில் பட்டி அணிந்து நடப்பவர் அவ்வலயத்துக்கு வெளியே நடக்கின்றார். தானாக ஒத்திசையும் தெரிவை நிறுத்திவிட்டு, வீட்டில் தொலைபேசி மின்னேறும் வேளையில் நாளொன்றுக்கு ஒருமுறை செயலியைத் தாமே திறப்பதுதான் இப்போதைக்கு அவருக்கு எஞ்சியிருக்கும் வழி.